எந்தத் தண்ணி என்று கேட்டவளுக்கு

இன்று காலை ஓரிக்கையில் ரத்த மாதிரி எடுக்கும் முகாம். பஞ்சை நனைக்க ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்ததும் நெடி குப்பென்று அடித்தது, உன் நினைவு வந்துவிட்டது. நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு, "பாட்டிலும் கையுமா சுத்திக்கினு இருக்கறவ நீ. குடிப்பீங்களான்னு எங்களக் கேக்கறியாடி?" என்பாய். நான் முறைப்பேன். நீ போய் இரண்டு வருஷமாகியும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் மரபணு ஆராய்ச்சி என்று சென்னைக்குப் போனேன். நீ பெரிய காஞ்சிபுரத்திலேயே கல்யாணமாகி, கணவனோடு தறியில் உட்கார்ந்தாய். குடிக்காதவர்களுக்கும் கல்லீரல் ஏன் சுருங்கிப்போகிறது, சில குடும்பங்களை மட்டும் அது ஏன் விடாமல் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள, ரத்த மாதிரி சேகரிக்க நான் நம் ஊருக்கே வந்தபோது, உனக்கு அந்த நோய் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல் ஆளாகக் கையை நீட்டியவள் நீ.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் நம் தெருக்காரர்கள் காபி குடித்துவிட்டு வந்து நிற்பார்கள். "காபி ஒரு சாப்பாடாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். நீதான் முதல் நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய், "காபியும் கிடையாது, வெத்தலையும் கிடையாது" என்று மிரட்டிவிட்டு வந்தாய். நீ இல்லாவிட்டால் என் ஆராய்ச்சி முதல் மாதமே படுத்திருக்கும். ஆனால் நான் பெரிதாக நன்றி சொல்ல வேண்டியது அதற்கில்லை.

உன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டேன். "தண்ணியாலதான் போனாரு" என்றாய். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், தந்தைக்குக் குடிப்பழக்கம் உண்டு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த நீ தலைகீழாகவே அதைப் படித்துவிட்டாய்.

"எந்தத் தண்ணின்னு கேட்டியாடி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் குரல் ஏறியது.

"எங்கப்பாக்கு வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில அதத்தான் சொன்னாங்க. அது தெருவுக்கு வந்து சேர்றதுக்குள்ள வயிறு போயி தண்ணி மட்டும் நின்னுடுச்சு. ஒரு சொட்டு தொட்டதில்ல அவரு. தெருக்காரங்கதான் விவரம் தெரியாதவங்க. நீயுமா?"

அன்றுதான் முழுக்கதையும் சொன்னாய். ஒளிந்து ஒளிந்து குடிக்கிறார் என்று தெரு பேசியதை உன் அம்மாவும் நம்பிவிட்டார். கடைசி மாதங்களில் கணவருக்குச் சோறு வைத்தாரே தவிர, முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "அவரு செத்தத விட அதுதான்டி எனக்கு ஆறல" என்றாய்.

எனக்கு வெட்கமாக இருந்தது. படித்துவிட்டோம் என்ற மிதப்பில் நானும் தெரு செய்ததைத்தான் செய்திருந்தேன். அந்த ஒரு டிக்கால் உங்கள் குடும்பத்தையே ஆராய்ச்சியிலிருந்து நீக்கியிருப்பார்கள். மறுநாள் பழைய படிவங்களை எடுத்துக்கொண்டு இருவரும் வீடு வீடாகப் போய் மறுபடி கேட்டோம். இன்னும் சில பேர் இதே தண்ணியில் மாட்டியிருந்தார்கள்.

முடிவு வந்ததும் மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உனக்குச் சொன்னேன். கல்லீரலில் கொழுப்பு சேர வழிவிடும் ஒரு மரபணு மாற்றம், அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக உனக்கு வந்திருந்தது. அவர்கள் இருவரும் அத்தை மகன், மாமன் மகள்தானே.

"அப்போ எங்கப்பா குடிக்கலன்னு இது சொல்லுதா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன்னிடம் பொய் சொல்ல முடியவில்லை. குடித்தாரா இல்லையா என்று மரபணு சொல்லாது, குடிக்காமலே இந்த நோய் வருவதற்கான வாய்ப்பு அவர் உடம்பிலும் இருந்தது என்று மட்டும் சொல்லும் என்றேன். "அவ்ளோ போதும். மீதிய நான் சொல்லிக்கிறேன்" என்றாய்.

அம்மாவிடம் போய்ச் சொல்லியும் பார்த்தாய். "அந்த ஆளு பேச்சே வேணாம்" என்று அவர் எழுந்து போய்விட்டார். ரத்தம் கொடுக்கவும் மறுத்துவிட்டார். அந்தக் குறையோடுதான் நீ போனாய்.

நீ பார்க்காததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, குடிக்காத உன்னையும் அதே நோய் கொண்டுபோனதைப் பார்த்த உன் அம்மா தானாகவே முகாமுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்வி வந்தது. கேட்க மனம் வராமல் பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"அத ஏன் தாண்டற? கேளுமா" என்றார்.

கேட்டேன்.

"எங்க மாமா குடிக்கமாட்டாருமா. நல்லா அழுத்தி எழுதிக்கோ."

எழுதினேன். மரபணுவால் சொல்ல முடியாததை அவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அன்று தப்பாக டிக் அடித்த என் கையாலேயே அதை எழுத வைத்தாயே, அதற்குத்தான் உனக்கு இத்தனை நன்றி.