பாறைக்கு அடியில் தட்டுகிறவர்கள்

ஆவணி 3, திங்கள்

நெருப்பு வெயில். வாய்க்கால் காய்ந்து ஒரு மாதம். அண்ணையின் பெண்சாதி, என் மச்சாள், ஏழு மாத வயிற்றோடு ஒன்றரை மைல் நடந்து குடிதண்ணீர் கொண்டுவருகிறாள். இன்று நானும் போனேன். இரண்டு குடம்.

வெட்டுகிற புதுக் கிணறு பதினெட்டு அடி. பாறை வந்துவிட்டது. அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "வெடி வைக்கவேணும்" என்று அவர் வாய் சொன்னது. ஒன்பது வயதில் காய்ச்சல் காதைக் கொண்டுபோன பிறகு, நான் வாய்களைப் பார்த்துத்தான் எல்லாம் அறிகிறேன்.

வெடியா? ஐயோ, அதற்குள் அவர்கள் இருக்கிறார்கள்.

ஆவணி 4

எழுதியாவது வைக்கிறேன். பங்குனியில் எங்கள் வீட்டு வளவு மூலையில் ஒரு நெருப்பு உருண்டை விழுந்து மண்ணுக்குள் போனது. எரிவெள்ளி என்றார் அண்ணை. மறந்தும் போனார். வைகாசியில் அங்கே உள்ளங்கையை வைத்தேன். அடியிலிருந்து யாரோ தட்டுவது கையில் தெரிந்தது! நான் இரண்டு தட்டினேன், பிறகு மூன்று. கீழிருந்து ஐந்து வந்தது. ஏழும் நாலும் தட்டினேன். பதினொன்று. பாறைக்குள் கூட்டல் படித்த பிராணி இந்தப் பூமியில் எது?

அன்றிலிருந்து தினமும். மூன்று தட்டினால் "வந்திட்டன், வாங்கோ" என்று அர்த்தம். ஆழத்திலிருந்து மேலே மேலே வந்தார்கள். என்னிடம் இவ்வளவு ஆசையாக யாரும் வந்ததில்லை. அதே மூலையில்தான் இப்போது கிணறு.

எல்லாவற்றையும் சிலேற்றில் எழுதி அண்ணைக்குக் காட்டினேன். வாசித்துவிட்டு மச்சாளிடம் திரும்பினார்: "ரஷ்யாக்காரன் நாயை வானத்துக்கு அனுப்பினாலும் அனுப்பினான், இவளுக்கு விசர் பிடிச்சிட்டுது." நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்ற ஞாபகமே இல்லை. எனக்குப் பைத்தியமாம்!

ஆவணி 6

காதர் நானா வந்தார், தண்ணீரூற்று ஊரிலிருந்து. கிணற்றுக்கு வெடி வைக்கிறவர். என் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகக் கதைப்பார். "கல்லுக்குள்ள ஒண்டும் இல்ல தங்கச்சி. முப்பது வருசமா உடைக்கிறன்."

தேத்தண்ணி கொடுத்தேன். சீனி முடிந்தது.

பிறகு உளியைப் பாறையில் வைத்து, சம்மட்டியால் மூன்று தட்டு. இடம் பார்க்கிறாராம். எனக்கு உயிர் போய்விட்டது. துளை போட்டுவிட்டு அவர் சாப்பிட ஏறியதும் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். கன்னத்தைப் பாறையில் வைத்தேன். தட்டு வந்தது, துளைக்கு நேர் கீழே. ஒரு முழம்கூட இல்லை. நான் கூப்பிட்டேன் என்று நினைத்து வந்திருக்கிறார்கள்.

"போங்கோ" என்று சொல்லவேண்டும். அதற்கு எங்களிடம் தட்டு இல்லை. அவர்கள் போகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லையே. இரண்டு கையாலும் கண்டபடி அடித்தேன். அவர்களும் கண்டபடி அடித்தார்கள். விளையாட்டு என்று நினைத்தார்கள் போல. இன்னும் கிட்ட வந்தார்கள்.

அண்ணை இறங்கி என் இடுப்பில் கயிறு கட்டித் தூக்குவித்தார். வாயால் கத்தினேன். என் குரல் எப்படி இருக்குமோ, மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். காதர் நானா மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் திரியைக் கொளுத்தினார்.

வெடித்தது கால்வழியாக நெஞ்சுக்கு வந்தது.

ஆவணி 7

தண்ணீர். நாலு அடி. தெளிந்துகொண்டு வருகிறது. மச்சாள் அழுகிறாள், சிரிக்கிறாள். இனி அவள் நடக்கவேண்டாம். அதற்குச் சந்தோஷப்படக்கூட என்னால் முடியவில்லை. காலையிலிருந்து பத்துத் தரம் தட்டிவிட்டேன். ஒன்றும் இல்லை. நான்தான் கூப்பிட்டுக் கொன்றேன்.

பின்னேரம் அயல் சனம் தண்ணீர் பார்க்க வந்தது. அண்ணை கிணற்றடியில் நின்று பெருமையாகச் சொன்னார்: "இடம் பாத்தது நானில்ல, என்ர தங்கச்சி. ரெண்டு மாசமா உந்த மூலையில கைய வைச்சுக்கொண்டு குந்தியிருந்தவள். அவளுக்குத் தண்ணி தெரிஞ்சிருக்கு எண்டுதான் இதில கிண்டினனான்."

எதிர்க் காணிப் பெண் என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நாளைக்குத் தங்கள் வளவுக்கும் வரவேணுமாம். இங்கே குடியேறி மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்கள்.