வந்து பார்க்கிற தூரம்

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அடித்தட்டில் மடிப்புக் கலையாமல் உங்கள் நீலக்கட்டம் போட்ட லுங்கி. ஜெயிலுக்குள் சொந்தத் துணி உடுக்க விடுவார்களா என்றுகூடக் கேட்காமல், கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வாங்கியது. அண்ணன் ஜெயிலுக்கு வரப்போகிறார் என்று புதுத்துணி எடுத்த தங்கை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் அண்ணா.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது, தெரிந்தவன் ஒருவன் கொடுத்துவிட்ட ஊறுகாய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனீர்கள். அதற்குள் போதை மருந்து இருந்தது. உங்களுக்குத் தெரியாது என்பதை அந்த நாட்டுக் கோர்ட் நம்பவில்லை. யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கத் தெரியாதவர் என்று எப்போதும் உங்களைத் திட்டும் அம்மா, அன்றைக்குத் திட்டவே இல்லை.

பிறகு ஒருநாள் ஃபோனில் சொன்னீர்கள், இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதாம், மிச்சத் தண்டனையைச் சொந்த நாட்டு ஜெயிலில் கழிக்கலாமாம். "ஜெயிலானாலும் பரவால்ல அம்மிணி. நீயும் அம்மாவும் வந்து பாக்கற தூரத்துல இருந்தாப் போதும்."

நம் பாலக்காட்டுச் சித்தூர் வக்கீலம்மாவிடம் ஓடினேன். நம் ஸ்டேட் மந்திரிகளே அந்த நாட்டோடு பேசக்கூடாதா என்று கேட்டேன். "வெளிநாட்டோட பேசறது, ஒப்பந்தம் போடறது எல்லாம் டெல்லிதானுங்க. ஸ்டேட்டுக்கு அந்த அதிகாரமில்ல. ஆனா ஜெயில் ஸ்டேட்டோடது. எங்காளுதான், எங்க ஜெயில்ல வெச்சுக்கறோம்னு ஸ்டேட் எழுதிக் குடுக்கோணுங்க."

எந்த ஸ்டேட்? அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பொள்ளாச்சி நார் மில்லில் வேலை பார்த்தபோது, அங்கிருக்கும் அத்தை வீட்டு விலாசத்தில் பாஸ்போர்ட் எடுத்திருந்தீர்கள். காலையில் அந்தப் பக்கம் வேலை, சாயங்காலம் இந்தப் பக்கம் வீடு என்று இருக்கிற நம்மைப்போன்றவர்கள் எல்லையை எங்கே நினைத்துப் பார்த்தோம்? டெல்லி அந்த விலாசத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டைக் கேட்டது. விசாரிக்க வந்தவர்களிடம் அத்தை உள்ளதைச் சொன்னார், பையன் ஊடு கேரளத்துல இருக்குதுங்க என்று. காகிதம் டெல்லிக்குத் திரும்பி, அங்கிருந்து இந்தப் பக்கம் வந்து, வில்லேஜ் ஆபீஸ், போலீஸ் விசாரணை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் லஞ்சத்துக்குக் கை நீட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். யாரைப் பிடித்துத் திட்டுவது?

ஒருவழியாகக் கேரளம் சம்மதித்தது. அந்த வாரமே தனியாகத் திருச்சூர் பஸ் ஏறிப் போய், உங்களை வைக்கப்போகிற ஜெயிலின் வாசலை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். எங்கே இறங்குவது, அம்மா உட்கார எங்கே நிழல் இருக்கிறது என்று எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டேன். ஃபோனில் சொன்னபோது, "எதுத்தாப்புல டீக்கடை இருக்குதா?" என்று கேட்டீர்கள். இருக்குதுங்கண்ணா என்றேன். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தீர்கள்.

அடுத்த ஃபோன் உங்களிடமிருந்து வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து உங்களைப் பெட்டியில் கொண்டுவந்தோம். எல்லைச் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், தடுப்பைத் தூக்கிவிட்டார். எந்த ஸ்டேட் ஆள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அண்ணா. அங்கேதான் நான் உடைந்து அழுதேன்.

லுங்கியை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறாள் அம்மா. மனசு வரவில்லை. பாலக்காடு ஸ்டாண்டில் திருச்சூர் பஸ் கிளம்பும்போதெல்லாம் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. உங்களை வந்து பார்க்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.