விடுபட்ட ஆறு நிமிடப் பாட்டு

சனிக்கிழமை காலை உன் கைப்பேசி அடித்தது. நீ போய் ஏழு மாதமாகிறது. அதற்கு நான் இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மகள் ஏன் என்று கேட்டால் பேங்க் மெசேஜ் வரும் என்கிறேன். உண்மையில், உன்னைத் தேடி யாராவது அழைப்பார்களா என்றுதான் காத்திருக்கிறேன்.

"மேடம் ஜி, ஆப்கா ரெக்கார்ட் ஆ கயா!" என்றது ஒரு குரல். உன் ரெக்கார்ட் வந்துவிட்டதாம். ரெக்கார்டுக் கடை சர்தார்ஜி. உனக்குப் பிடித்த ராக் குழுவின் சிறந்த பாடல்கள் தொகுப்பு என்றைக்காவது மறுபடி வெளிவந்தால் ஒன்று எடுத்துவைக்கும்படி அவரிடம் சொல்லியிருந்தாயாமே? அவருக்கு விஷயம் தெரியாது. வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

நான் உன்னைப் பெண் பார்க்க வந்தபோது, சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற நாகர்கோவில் பெண் என்றுதான் சொன்னார்கள். கல்யாணமாகி டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு நீ வந்தபோது ரெக்கார்ட் பிளேயர் ஒன்றும் கூட வந்தது. நர்சிங் ஹாஸ்டலில் உன்னுடன் தங்கியிருந்த ஷில்லாங்காரி ஊருக்குப் போகும்போது உனக்கு விட்டுப்போனது அதுவும் அந்தத் தொகுப்பும். இரவு டியூட்டி முடிந்து வந்து, ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போவாய். எப்போதும் அந்த ஆறு நிமிடப் பாட்டுதான். கிட்டார் அலறத் தொடங்கும் இடத்தில் நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் கிடையாது, அப்போதும் எழுந்துவிடுவேன்.

"பாதியில எழும்பிப் போனா அதுக்குப் பேரு கேக்கியதா?" என்பாய். கோபமாகச் சொன்னதில்லை. அதனால் நான் பதிலும் சொன்னதில்லை.

கடைக்குப் போனேன். சர்தார்ஜி புது ரெக்கார்டைப் பிரித்து ஓடவிட்டார். ஒலியை நன்றாகத்தான் துலக்கியிருக்கிறார்கள். டிரம்ஸ் பக்கத்து அறையில் அடிப்பதுபோல் கேட்டது. உன் பழைய இசைத்தட்டின் கரகரப்பு துளியும் இல்லை. அட்டை கனமாக, பளபளவென்று இருந்தது. திருப்பிப் பாடல் பட்டியலைப் படித்தேன். புதிதாக இரண்டு பாடல்கள் சேர்த்திருந்தார்கள். மேலிருந்து கீழாக இருமுறை தேடினேன். உன் பாட்டைக் காணவில்லை.

"இதில் அந்தப் பெரிய பாட்டு இல்லையே?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"அது அவ்வளவாக ஓடின பாட்டு இல்லை, சார். புதுசுக்கு இடம் வேண்டுமே."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "புதிதாகக் கேட்கிறவர்களுக்கு இது போதும். பழசை வைத்திருப்பவர்கள் எதற்கு வாங்க வேண்டும்? அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் மிச்சத்தில் என்ன இருக்கிறது?" என்று நின்றபடியே வாதாடினேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்தார்ஜி சிரித்தார். "மேடமிடம் காட்டுங்கள். அவரே முடிவு பண்ணட்டும்."

அப்போதுதான் நீ இறந்துபோனதைச் சொன்னேன். அவர் ஊசியைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். "அவர் பேரில் எடுத்துவைத்தது. சும்மா கொண்டுபோங்கள்" என்று உறையை நீட்டினார். வேண்டாம் என்றேன். அந்தப் பாட்டு இல்லாத ஒன்று உன் பெயரில் வீட்டுக்குள் வர வேண்டாம் என்று தோன்றியது.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். விவரம் சொன்னேன். "அப்பா, போன்லயே எல்லாம் இருக்குல்ல? இதுக்கு ஏன் டென்ஷன்?" என்றாள். பிறகு, "அச்சா, அது எப்படிப் போகும்? நான் ஸ்கூலுக்குப் போனப்புறம்தானே அம்மா போடுவாங்க, எனக்கு ஞாபகமே இல்லை. பாடிக் காட்டுங்களேன்" என்றாள்.

தொடக்கத்தை முணுமுணுத்தேன். கிட்டார் வரும் இடம் வந்ததும் நின்றுவிட்டேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் ஒலித்த பாட்டு. அதற்காகக் கடையில் சண்டைவேறு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

போனை வைத்ததும் உன் தட்டை எடுத்தேன். ஊசியை நீ என்னைத் தொடவிட்டதில்லை. இரண்டு தடவை தவறான இடத்தில் இறங்கியது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. நீ உட்காரும் இடத்திலேயே, முழங்கால் வலிக்க, தரையில் உட்கார்ந்தேன். கிட்டார் அலறியது. பழக்கத்தில் கை தரையில் ஊன்றியது. எழவில்லை.

அலறல் அரை நிமிடம்கூட இல்லை. பிறகு எல்லா வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மெல்லிய குரல் ஒன்று மட்டும் யாரையோ பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிப் பாடிக்கொண்டே இருந்தது. தினமும் காலையில், நான் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, நீ இதைத்தான் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.