நூலுக்குக் கீழே கனுலா

திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து அனலாக. காலையிலேயே சீருடை முதுகோடு ஒட்டிவிட்டது. முட்டை வாங்க மறந்தேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் தாதியருக்குக் கேள்வித்தாள் கொடுத்தாயிற்று. மருந்து ஏற்ற நரம்பில் போடும் கனுலாக் குழாயை எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது கழற்றுவது, கை வீங்கினால் என்ன செய்வது. என் பட்டப்படிப்பு ஆய்வு. எல்லாருக்கும் முகம் சுருங்கியது.

"என்னகா, எங்களுக்கே சோதினை வைக்கிறியா?" வாட் பொறுப்பு, சரோ அக்கா.

"ஓம். பாத்து எழுதினா பேப்பரக் கிழிப்பன்."

சிரித்துக்கொண்டே எழுதினார்கள். புதுப் பிள்ளை தர்ஷிக்கு எல்லாம் சரி. 'குத்திய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சிவந்தால், வீங்கினால், நொந்தால் உடனே கழற்ற வேண்டும்.' முத்து முத்தான எழுத்து. சந்தோசம். கேள்வி போட்டது யார், நானல்லவா.

செவ்வாய்

அதே காற்று. இன்று கட்டிலடிப் பார்வை. அவர்கள் செய்வதை மூலையில் நின்று பார்க்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவர்களுக்குத் தெரிந்தது எது, நான் சொல்லிக்கொடுத்தது எது என்று பிரிக்க முடியாது. அந்த வாட்டையே ஆய்விலிருந்து நீக்க வேண்டும். ஆய்வை மேற்பார்க்கும் சேர் திரும்பத் திரும்பச் சொன்ன சங்கதி. வாயை மூடிக்கொண்டு நிற்பது, அதுவும் நான்!

சன்னலோரக் கட்டில், தவராசா. ஆற்றில் வீச்சுவலை போடுகிறவர். காலில் கெளிறு மீன் முள் குத்திச் சீழ். ஊசி மருந்துக்கு வலது புறங்கையில் கனுலா. அதே மணிக்கட்டில் மஞ்சள் நூல். கண்ணகி அம்மன் சடங்குக்கு மனைவி நேர்ந்து கட்டியது, குளிர்த்தி என்கிற கடைசிச் சடங்கு முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. இரண்டையும் மூடிப் பெருவிரல் வரை சுற்றுத்துணி. சுற்றியது தர்ஷி. அவளும் அதே கோயில் ஊர்க்காரி.

"வேர்வைக்குப் பிளாஸ்டர் நிக்குதில்லக்கா. அம்மாள்ட நூலும் அழுக்காகக் கூடாதே," என்று சரோ அக்காவிடம் சொன்னாள்.

மருந்தைச் செலுத்தத் தொடங்கினாள். அவர் பல்லைக் கடித்தார்.

"நோகுதா அண்ணே?"

"கொஞ்சம் எரியுது மிஸ்ஸி. அம்மாள் பாத்துக்குவா."

தர்ஷி தலையாட்டினாள். கட்டை அவிழ்க்கவில்லை! நேற்று அத்தனையும் சரியாக எழுதிய பிள்ளை. துணிக்கு வெளியே விரல்கள் கொழுத்து மினுங்கின. எனக்குப் பேனா ஓடவில்லை. ஆய்வு, சேர், மாத முடிவுக் கெடு. சேராவது மண்ணாவது. வலை வீசுகிற கை.

"தர்ஷி, மருந்த நிப்பாட்டு. கட்ட அவிழ்."

அவிழ்த்தாள். புறங்கை சிவந்து வீங்கி, நூல் சதைக்குள் புதைந்திருந்தது. உடனே கனுலாவைக் கழற்றினாள்.

"நூலையும் வெட்டு."

"ஐயோ, என்னால ஏலாதக்கா. எங்கட அம்மாள்ட நூல்." அழுகை.

நானே கத்தரியை எடுத்தேன். தவராசா கையை இழுத்துக்கொண்டார். நல்ல காலம், மனைவி பூரணம் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து சேர்ந்தார்.

"நூல் இறுக்குதுகா. இப்பிடியே விட்டா விரல் பழுதாகும்," என்றேன்.

கையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். தர்ஷியின் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"கட்டினது நான். அம்மாளுக்கு நான் சொல்லிக்கிறன். நீ வெட்டு கிளி."

தர்ஷி வெட்டினாள். பூரணம் நூலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

புதன்

சேருக்குப் போன்.

"அப்ப அந்த வாட் போச்சு?"

"போச்சு சேர். வேற வாட் எடுப்பன்."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. புது வாட், புது அனுமதி. மாத முடிவுக்குள் முடியாது. முடியாவிட்டால் போகட்டும்.

கேள்வித்தாளில் புதுக் கேள்வி: நேர்த்தி நூல் கட்டிய கையில் கனுலா போட வேண்டி வந்தால்? சரோ அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"மற்றக் கையப் பாரு. அதுல நரம்பு இல்லாட்டி நூல் கட்டின ஆளக் கூப்பிட்டுக் கதை. அதுக்கு மறுகா போடு."

அப்படியே எழுதிக்கொண்டேன்.

வியாழன்

முகில். வீக்கம் வடிகிறது, ஆனால் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. தவராசா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தர்ஷி அடிக்கடி போய்த் தலையணை வைத்துக் கையை உயர்த்திவிடுகிறாள். எனக்கும் பயம்தான். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

சனி

நேற்று இரவு குளிர்த்தி முடிந்ததாம். பூரணம் பிரசாதம் கொண்டுவந்தார், வாட்டுக்கே.

நான் போனபோது தவராசா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். விரிப்பைச் சுருட்டி, ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்து, மிச்சத்தை வலது கையில் கொத்தாகப் பிடித்து ஒரு வீச்சு. வட்டமாக விரிந்து பக்கத்துக் கட்டிலில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஏறாவூர் முஸ்லிம் பெரியவரை முழுசாக மூடியது.

"டேய் தம்பி, நான் என்ன மீனாடா?"

சரோ அக்கா ஏசிக்கொண்டு ஓடிவந்தார். தர்ஷி சிரிக்கிறாள், அழுகிறாள்.

நான் மூலையில் நின்று பார்த்தேன். வாய் திறக்கவில்லை.