அப்பாசாமியின் நான்கு குறைகள்

3 நவம்பர் 1974, செங்கல்பட்டு

அடுத்த மாதம் அப்பாசாமிக்குப் பாராட்டுக் கூட்டம். மணிவிழா என்று சொல்லக் கூடாதாம், அது சடங்காம். மாலை மட்டும் போடலாமாம்! கல்லூரி விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் என்பதால் நானும் பேசவேண்டும். காலமெல்லாம் தர்க்கவியல் நடத்தியவன் நான்; எண் போடாமல் எனக்கு எழுத வராது.

1. மனிதனை நேசி என்கிறான். கடிதத்துக்குப் பதில் போடமாட்டான்.

2. அவன் பள்ளியில் மணி இல்லை, தேர்வு இல்லை, கடவுள் வாழ்த்து இல்லை. பாதி நாள் பிள்ளைகளும் இல்லை.

3. கடவுளை மறுத்ததில் அவனுக்குத் திருநீறு பூசும் நேரம் மிச்சம். வேறு எவருக்கும் ஒரு பயனும் இல்லை.

4. ஒரே தத்துவத்தை ஏழு நூல்களாக எழுதியிருக்கிறான். ஏழும் தடி.

மேடையில் 'அவர்'. இங்கே 'அவன்'.

தோளுக்குப் பின்னால் லோகநாயகி நின்று படித்துவிட்டாள். "கட்டினவ கிட்டயே காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்ல உங்களுக்குப் பயம். மேடையில ஏறிக் குறை சொல்லப் போறீங்களா?"

சொல்லமாட்டேன். புகழ்வேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

9 நவம்பர், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அப்பாசாமியின் குப்பம்

பேச்சுக்கு விவரம் சேகரிக்க வந்தேன். பள்ளி என்பது ஒரு கீற்றுக் கொட்டகை. மீனவப் பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "அப்பாசாமி, இவன் என்னைக் கிள்றான்!" அவன் பூரித்துப் போகிறான். சமத்துவம் வந்துவிட்டதாம். பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, அதைத் துடைக்கத்தான் ஆளில்லை.

11 நவம்பர்

புயல் மழை. பஸ் இல்லை. கட்டுமரங்கள் திரும்பிவிட்டன, இருசப்பனுடையது தவிர.

14 நவம்பர்

இருசப்பனின் கட்டுமரம் ஆளில்லாமல் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்தக் குப்பத்து வழக்கம் விசித்திரமானது. கடலில் போனவனை 'செத்தான்' என்று முதலில் சொல்பவனின் வீட்டைத்தான் கடல் அடுத்துப் பார்க்குமாம். உடல் ஒதுங்கினால் தொல்லையில்லை. ஒதுங்காவிட்டால், யாராவது சொல்லும்வரை அழக்கூடாது, அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. எப்பேர்ப்பட்ட மூடத்தனம்! இருசப்பன் மனைவி ஆதியம்மாள் ஈர மணலில் உட்கார்ந்தே இருக்கிறாள். கஞ்சிகூடக் குடிக்கவில்லை. வேண்டா என்று பெயருள்ள அவள் சிறு மகள் அக்கம்பக்கத்தில் சாப்பிடுகிறாள்.

ஊர்ப் பெரியவர் காத்தவராயன் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணாத்த, நீ வெளியூரு, படிச்சவரு. அந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டு பஸ் ஏறிடு. அந்தப் பொண்ணு பட்டினியிலயே பூடும்போல கீது."

மரம் வந்தது, ஆள் வரவில்லை. முடிவைச் சொல்ல எனக்கென்ன தடை? ஆனால் என் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. பிறகு ஏன் -

15 நவம்பர்

அப்பாசாமி போனான். ஏழு நூல்களையும் அவள் தலையில் கொட்டப் போகிறான் என்று நினைத்தேன். வேடிக்கை பார்க்கத்தான் பின்னால் போனேன்.

அவள் எதிரே, ஈரத்திலேயே உட்கார்ந்தான். "ஆதியம்மா, இருசப்பன் செத்துட்டான். இனிமே வரமாட்டான்."

அவ்வளவுதான்.

ஒரு கை மணலை அள்ளி அவன் முகத்தில் வீசினாள். "உன் வாயி அழுகிப் போவ! நீ பாத்தியா? உன் வூடு வெளங்குமா?" மார்பில் குத்தினாள். அவன் நகரவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவரை தள்ளி நின்ற பெண்களெல்லாம் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

பயமாக இல்லையா என்று பிற்பாடு கேட்டேன். "எனக்கு அது வெறும் வார்த்தைடா" என்றான். மணல் பட்டு இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. மாலையில் அவள் வீட்டுக் கூரையில் புகை தெரிந்தது.

22 நவம்பர்

வெறும் வார்த்தையாம்! அவன் வாசலைத் தாண்டும்போது எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சொல்லச் சொன்ன காத்தவராயன் உட்பட. பள்ளிக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. முட்டாள், தினமும் கரும்பலகையைத் துடைத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

பஸ் ஓடுகிறது. நான் ஏன் இன்னும் கிளம்பவில்லை?

1 டிசம்பர்

காலையில் ஆதியம்மாள், தலையில் மீன் கூடை, ஒரு கையில் வேண்டா. கொட்டகை வாசலில் நின்று அவனை அதட்டினாள்.

"இன்னா பாத்துகினு கீற? புள்ளைய உள்ள வுடு. நான் யாவாரத்துக்குப் போவணும்."

கிணற்றடிப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பினாள். "எனக்கு அந்த வார்த்தைய சொன்ன வாயிதானே? இவளுக்கு அ, ஆ சொல்லட்டும்."

போய்விட்டாள். நாளை மற்ற பிள்ளைகளும் வரலாம், வராமலும் போகலாம். நான் மத்தியான பஸ்ஸில் கிளம்பினேன்.

8 டிசம்பர், செங்கல்பட்டு

கூட்டம் முடிந்தது. காது மறையும்வரை மாலை போட்டார்கள். தத்துவஞானி எதையும் மறுக்கவில்லை. முன்னால் பேசியவர்கள் அவனைச் சூரியன் என்றார்கள், கலங்கரை விளக்கம் என்றார்கள். இருசப்பன் பெயர் யாருக்கும் தெரியாது.

என் முறை வந்தது. புகழுரையைப் பையிலேயே வைத்துவிட்டு, குறைகளைப் படித்தேன். கடிதம், பள்ளி, ஏழு தடி நூல்கள். முன்வரிசை முகம் சுளித்தது. அப்பாசாமி மட்டும் மாலை குலுங்கச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் லோகநாயகி கேட்டாள். "நாலு எழுதினீங்களே. மூணாவது, அந்தத் திருநீறு விஷயம், எங்க?"

மூன்றாவது தவறு.