ஆனந்தத்துக்கு ஒரு விமானம்

க்ஷேமம்

நன்னிலம் தபால்,
தை மாதம் 24-ந் தேதி, 1972

உங்களுக்கு சரசா அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அம்மா, சாமா அண்ணா, மன்னி, குழந்தைகள் எல்லோரும் சௌக்கியம். பம்பாய் தண்ணீர் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா? ஓட்டலில் ரொட்டிதான் போடுகிறார்கள் என்றால் இரவில் மோர் சாதமாவது தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. “பத்திரமாக இருக்கிறதா? தூசி படாமல் பார்த்துக்கொள், வெயில் படும் இடத்தில் வைக்காதே” என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அரை நிமிஷம் என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் விமானத்தை என்று புரிந்தது. பத்திரமாகவே இருக்கிறது. மாடி அறை பீரோ மேல், உங்கள் பழைய மல்வேட்டியைப் போர்த்தி வைத்திருக்கிறேன். மன்னி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள். “சக்களத்தி குளித்தாச்சா, சாப்பிட்டாச்சா” என்று மாடிப்படியில் நின்று கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

இங்கே அறுவடை நின்றுபோயிருக்கிறது. கூலியைக் கூட்டாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று நீங்கள் ஐப்பசியில் அண்ணாவிடம் சொன்னது அப்படியே நடக்கிறது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ரெத்தினமும் சங்கத்து ஆட்களும் சொல்லிவிட்டார்கள். அண்ணா வெளியூரிலிருந்து ஆள் இறக்கப் பார்க்கிறார். வரப்பெல்லாம் சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். உங்கள் கண்ணுக்கு அது பயிரோடு பயிராகத்தான் தெரியும். ரெத்தினத்தின் பெண்டாட்டி அம்சம் நம் மாட்டுக் கொட்டிலுக்கு வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. சாணி அள்ளுவது நானும் மன்னியும்தான். அன்றைக்கு அண்ணாவோடு சண்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறினீர்களே, இப்போது நீங்கள் இங்கே இருந்திருந்தால் இரண்டு பக்கத்துக்கும் பேச ஒரு ஆள் இருந்திருக்கும்.

இன்னொரு சங்கதி. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அண்ணா ஆற்றங்கரை நிலத்தை என் பெயருக்கு எழுதப் போகிறாராம். என்னை யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டார்கள். “அவர் பம்பாயிலிருந்து வரட்டும்” என்று சொல்லிவிட்டேன். அண்ணாவுக்குக் கோபம். இரண்டு நாளாக என் கையால் காப்பி வாங்கிக்கொள்வதில்லை.

இப்போது விமானத்துக்கு வருகிறேன்.

உங்கள் அத்தை பெண் ஆனந்தத்தின் அகத்துக்காரர் வைத்தீஸ்வரன் லண்டன் பயிற்சியிலிருந்து திரும்பும்போது அந்தப் பொம்மை விமான டப்பாவை உங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். “நான் ஓட்டுவது இந்த ஹண்டர் விமானம்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு” என்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லாம் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகள், கொடியில் காய் தொங்குகிற மாதிரி ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நீங்கள் ஒவ்வொன்றாக பிளேடால் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வவிட்டு ஒரு மாதம் அதோடேயே இருந்தீர்கள். நான் காப்பியை வைத்துவிட்டு வருவேன். ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு வருவேன்.

பிறகு ஒரு நாள் இரண்டு சின்ன பெயிண்ட் டப்பாவை என் முன்னால் வைத்து, “சரசா, இதில் பச்சை எது?” என்று கேட்டீர்களே, அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரியும். நீங்கள் சேரப் போனபோது ஆகாயப் படைக்காரர்கள் புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட புத்தகத்தை நீட்டி அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். சிவப்பும் பச்சையும் உங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் என்பதால் உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். கல்யாணமாகி ஒரு வருஷம் எனக்குச் சொல்லாததை அன்று சொன்னீர்கள். அதன் பிறகு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே பச்சை, இங்கே சாம்பல், இந்த வளைவோடு நிறுத்து என்று சொல்லச் சொல்ல நான் பிரஷ்ஷைப் பிடித்தேன். நம் இரண்டு பேர் தலையும் ஒரே விளக்கின் கீழ் இருந்தது அந்த நாட்களில்தான். அது நம் இரண்டு பேருடைய சாமான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதுகிறீர்கள், மாசியில் ஆனந்தம் திருவாரூர் அத்தை வீட்டுக்கு வருகிறாள், அதற்குள் முடித்து வை, அவளுக்குக் கொடுக்கத்தான் செய்தேன் என்று.

அவள் அகத்துக்காரர் கார்த்திகை யுத்தத்தில் புறப்பட்டுப் போனவர் திரும்பவில்லை, உயிரோடு பிடித்து வைத்திருக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை என்று அறிவேன். கேட்டு நானும்தான் அழுதேன். ஆனாலும் கேட்கிறேன். உங்களுக்கும் அவளுக்கும் தாம்பூலம் மாற்றுகிற வரைக்கும் வந்தது, கண் பரீட்சையில் நீங்கள் தேறவில்லை என்றதும் அத்தை அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அதை மன்னி சொன்னாள், நீங்கள் சொல்லவில்லை. என் கண்ணைக் கடன் வாங்கி அவளுக்கு ஒரு பரிசு செய்திருக்கிறீர்கள். இதை மட்டும் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

முடித்து வைக்கிறேன். சொன்னதைச் செய்யாதவள் என்று பெயர் வேண்டாம். கரும்பச்சை தீர்ந்துவிட்டது. போன பொங்கலுக்கு ரெத்தினம் மாட்டுக் கொம்புக்கு அடித்த பச்சை டப்பாவில் கொஞ்சம் இருந்தது. அதில் விளக்குக் கரி கலந்து பார்த்தேன், சரியாக வந்தது. இறக்கையில் ஒட்ட டப்பாவோடு வந்த இங்கிலீஷ்காரன் வட்டங்களை ஒட்டாதே, நம் தேசத்து வட்டம்தான் வேண்டும் என்றீர்கள். காவி, வெள்ளை, பச்சை மூன்றும் கையாலேயே போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சரசா


க்ஷேமம்

நன்னிலம் தபால்,
மாசி மாதம் 19-ந் தேதி, 1972

நமஸ்காரம். முந்தின கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை ஆனந்தம் வந்தாள். அன்று பார்த்து அண்ணா லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார். சங்கத்துப் பெண்கள் வயலில் இறங்கி, நெற்கதிருக்கு நடுவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வேன் வந்து நின்றது. திருவாரூர் பஸ்ஸை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனந்தம் கையில் பையோடு வரப்பு வழியாக நடந்தே வந்திருக்கிறாள். மிராசு வீட்டுப் பெண் என்றாலும் யாரும் மறிக்கவில்லை. யுத்தத்துக்குப் போனவர் பெண்டாட்டி என்று அடையாளம் தெரிந்து அம்சம் வயலிலிருந்து எழுந்து வந்து, பையை வாங்கி நம் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாளாம். வீட்டுக்குள் வரவில்லை. நான் கூப்பிட்டேன். “இப்ப வரக்கூடாதும்மா” என்று மட்டும் சொன்னாள்.

ஆனந்தம் மெலிந்திருக்கிறாள். குங்குமம் வைத்திருக்கிறாள், பூ வைத்திருக்கிறாள். அது சரியா தப்பா என்று இந்தத் தெருவில் இரண்டு கட்சி. மெலிந்தும் அழகாகத்தான் இருக்கிறாள். இதை எழுதாமல் விட்டால் பொய்யாகும்.

சாப்பிட உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டாள். நாகு எழுதியிருந்தான், நாகு சொன்னான், நாகுவுக்குத் தெரியும் என்று. உங்கள் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. மளிகைக் கடையில் கேட்டால்கூட மாமியார் பெயரைச் சொல்லி அவர் பிள்ளை என்பேன். அவள் உப்பு கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்கிறாள். நீங்கள் அவளுக்கு வாரம் தவறாமல் எழுதுகிறீர்களாம். மற்றவர்கள் கடிதத்தில் ஆறுதல்தான் இருக்கிறதாம். உங்கள் கடிதத்தில் மட்டும் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று இருக்குமாம், அதைப் படித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறதாம். விமானத்துக்கு நான் கலந்த பச்சையைப் பற்றியும் நீங்கள் அவளுக்கு மெச்சி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றிய நல்ல வார்த்தையைக்கூட நான் அவள் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ரசத்தைக் கையில் ஊற்றிக்கொண்டுவிட்டேன்.

மாடிக்கு அழைத்துப்போனேன். வேட்டியை எடுத்தேன். அவள் உட்கார்ந்து, தொடாமல் வெகுநேரம் பார்த்தாள். அத்தனை வருஷம் விமானக்காரருக்கு வாழ்க்கைப்பட்டும் அவள் ஒன்றின் பக்கத்தில் நின்றதே இல்லையாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதானாம். அப்புறம் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆள் உட்காரும் இடத்துக்கு மேலே கண்ணாடி மூடி இருக்கிறதே, அதன் விளிம்பில் நகத்தை வைத்து நெம்பினாள். வரவில்லை. மறுபடியும் நெம்பினாள்.

அந்த மூடியை ஒட்டாமல் சும்மா பொருத்தி வை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஏன் என்று எழுதவில்லை. அவளுக்குத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்த ஆத்திரத்தில் நான் பசையை வழிய வைத்து அழுத்தி ஒட்டியிருந்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “இது திறக்காதா சரசா?” என்று கேட்டாள்.

“மூடி தெறித்துப் போகும், நாற்காலியோடு ஆளை மேலே தூக்கிப் போட்டுவிடும், பயப்படாதே என்று நாகு எழுதியிருந்தானே. இது திறக்காவிட்டால் அவர் எப்படி வெளியில் வருவார்?”

குரல் உயரவே இல்லை. பால் பொங்குகிறது, அடுப்பை அணைக்கட்டுமா என்று கேட்கிற குரல்தான்.

உங்கள் பிளேடை எடுத்து விளிம்பைச் சுற்றி அறுத்தேன். பசை இறுகியிருந்தது. கண்ணாடி கீறிவிட்டது, ஒரு ஓரம் உடைந்தும் போயிற்று. என் விரலிலும் பட்டுவிட்டது. அவள் விமானத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேர் தலையும் இடித்துக்கொள்கிற அளவுக்குக் கிட்டத்தில் இருந்தன. மூடி கழன்று வந்ததும் உள்ளே விமானம் ஓட்டும் குட்டி பிளாஸ்டிக் மனிதன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முகமும் மீசையும் நான்தான் வரைந்தேன். அவள் தன் கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்தாள். நான் இடுக்கில் விட்டுக் கிளப்பினேன். நாற்காலியை விட்டு முழுசாக வந்துவிட்டான்.

ஆனந்தம் அவனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். பிறகுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனசில் அன்று காலைவரை இருந்ததற்கு அப்புறம் எந்த வாயால் சமாதானம் சொல்வது?

சாயங்காலம் கிளம்பும்போது விமானத்தைத் துணியில் சுற்றி நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “இது இங்கேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது” என்றாள். அவள் தன் மனிதரை எடுத்துக்கொண்டாள், என்னுடையவரை எனக்கு விட்டுவிட்டாள் என்று பஸ் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அது நன்றாக இருந்தது. இரவு படுத்ததும் நீங்கள் வாரம் தவறாமல் அவளுக்கு எழுதும் கடிதம் ஞாபகம் வந்துவிட்டது.

அவளுக்கு எழுதுவதை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். அந்தக் கடிதத்தில்தான் அவளுக்குத் தூக்கம் என்றால் அதைப் பிடுங்க நான் யார்? ஆனால் எனக்கும் எழுதுங்கள். இயந்திரத்தைப் பற்றி எழுதினாலும் பரவாயில்லை, புரிந்துகொள்வேன். என் கூறைப்புடவை அரக்குச் சிவப்பு. மணையில் உட்கார்ந்தபோது அது உங்களுக்கு என்ன நிறமாகத் தெரிந்தது என்று நீங்கள் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. இப்போது கேட்கிறேன்.

அறுவடைத் தகராறு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. லாரியில் வந்த ஆட்கள், பெண்கள் உட்கார்ந்திருக்கிற வயலில் இறங்கமாட்டோம் என்று அன்று மாலையே திரும்பிப் போய்விட்டார்கள். கதிர் முற்றி உதிர ஆரம்பித்த பிறகு அண்ணா நன்னிலம் தாசில்தார் ஆபீசில் ரெத்தினத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து, கேட்டதில் முக்கால்வாசிக்குச் சம்மதித்தார். ஐப்பசியில் நீங்கள் சொன்ன அளவுதான். உங்கள் பெயரை அண்ணா எடுக்கவில்லை. ஆனால் நேற்று என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, “அவன் எப்போது வருவதாக உத்தேசம்?” என்று கேட்டார். அம்சம் கொட்டிலுக்கு வந்துவிட்டாள். ஆற்றங்கரை நிலப் பத்திரம் இன்னும் கையெழுத்தாகாமல்தான் இருக்கிறது. எனக்குச் சொந்தமில்லாததை என் பெயரில் வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் வந்து அண்ணாவிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது.

பங்குனி பிறப்பதற்குள் லீவு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சம்பளமில்லாமலாவது வாருங்கள்.

தினமும் விளக்கேற்றும்போது ஆனந்தத்தின் அகத்துக்காரர் நல்லபடியாகத் திரும்பி அவளிடம் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இந்த வீட்டில் யாரும் என்னைப் போல அவ்வளவு உருகி வேண்டிக்கொள்ளமாட்டார்கள். அம்பாள் அவரைச் சீக்கிரம் கொண்டுவந்து விடட்டும். நீங்களும் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சரசா