கதவின் முகம்

1995 தை 18

கோயில் உடுப்பு அலுமாரிக்கு இன்று ஒரு சின்னப் பலகை மட்டும் ஒட்டினோம். மழைக் குணம். பசை இறுகுவதாக இல்லை. கதவு இரண்டும் இந்த மாதம் முடியாது என்று பங்குச் சுவாமிக்குச் சொல்லிவிட வேண்டும்.

“ஒட்டினோம்” என்று எழுதிவிட்டேன். நானும் சந்தியோகுவும்தான் ஒட்டினோம், ஆனால் எங்களுக்குள் பேச்சுக் கதையில்லை. என் பெண்சாதி லூர்த்தம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து இப்படித்தான். அவன் அவளுடைய தம்பி. அரியாலைப் பட்டறையில் பாதி அவனுடையது. கதைக்காத ஆளோடு நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் நிற்பதைவிடத் தனியாக நிற்பது நல்லது. ஆனால் தனியாக நின்றால் கதவு ஒட்டாது.

தை 23

கரண்ட் இருந்த காலத்தில் பழைய பிரிட்ஜ் கொம்பிரசர் ஒன்று ஒட்டுகிற பைக்குள் இருந்து காற்றை இழுத்தது. அது பாட்டுக்கு இழுக்கும், நாங்கள் தேத்தண்ணி குடிப்போம். இப்போது சைக்கிள் பம்ப். உள்ளே இருக்கிற தோல் வாசரைக் கழற்றித் தலைகீழாகப் போட்டு, குழாயில் ஒரு வால்வும் மாட்டினால் பம்ப் ஊதாது, உறிஞ்சும். அது சந்தியோகுவின் மூளை, என்னுடையது இல்லை.

பசை பூசிய பலகையையும் வெனியர் என்ற மெல்லிய மரத் தாளையும் தடித்த பொலித்தீன் பைக்குள் வைத்து, வாயை சைக்கிள் ரியூப் கீற்றால் இறுக்க வேண்டும். ஒருவர் பம்ப் அடிக்க, மற்றவர் பைக்கு மேலே உள்ளங்கையால் காற்றைக் குழாய்ப் பக்கம் தள்ள வேண்டும். நனைந்த சாரம் உடம்போடு ஒட்டுகிற மாதிரிப் பை பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பசை இறுகும்வரை விட்டு விட்டு அடிக்க வேண்டும். இரண்டு ஆள் கேட்கிற அந்தப் பை இல்லாவிட்டால் சந்தியோகு எப்போதோ வேறு பட்டறை பார்த்திருப்பான்.

மாசி 9

பம்ப் அடித்துக் கை உளைகிறது. “போதும்” என்று சொல்ல ஆள் இல்லை. அவன் விரல் முட்டியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று அர்த்தம். மாட்டைக்கூட ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

மாசி 27

முன்பெல்லாம் பலகையைத் தூக்கும்போதே கேட்பான்: “முகம் எது, அத்தான்?”

வெளியே தெரிகிற பக்கம் முகம். அதற்குத் தேக்கு வெனியர். பின்பக்கத்துக்கு மலிவானது, அதையும் ஒட்டாவிட்டால் பலகை வளைந்துவிடும். எது முகம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பான். நான் “உனக்குக் கண் பொட்டையோ” என்று ஏச வேண்டும், உள்ளே லூர்த்தம்மா சிரிக்க வேண்டும்.

இப்போது கேட்பதில்லை. அதனால் முகத்தில் பென்சிலால் ஒரு சிலுவை போட்டு வைக்கிறேன். அவன் அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறான்.

சித்திரை 11

லூர்த்தம்மா போய் இன்று ஒரு வருசம். விடியச் சேமக்காலைக்குப் போனேன். அவளுடைய குழியில் மெழுகுதிரி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அவன் வந்து போய்விட்டான். ஒன்றாக வந்தால் என்ன குறைந்துவிடும்?

அவளுடைய சீனி வருத்தத்துக்கு ஊசி மருந்து இங்கே கிடைக்கவில்லை என்று கிளாலிக் கடல் தாண்டி வவுனியாவுக்குப் போனவன் அவன். திரும்பும்போது படகு ஓடவில்லை. அவள் அதுவரை பொறுக்கவில்லை, போய்விட்டாள். சித்திரை வெயில். ஐஸ் இல்லை. வந்த சனமெல்லாம் பெட்டியை மூடு மூடு என்றது. மூடினேன். அடக்கமும் முடிந்தது. அடுத்த நாள் மருந்தோடு படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

“அக்கான்ரை முகத்தை எனக்குக் காட்டாமல் பெட்டியை மூடிப்போட்டியள்” எண்டான். அதுதான் அவன் என்னோடை கதைச்ச கடைசிக் கதை.

நான் என்ன செய்திருக்க வேணும்? அவளை அந்தக் கோலத்திலை வைச்சுக் காட்டவோ? என்ரை பெண்சாதி. எனக்கு நோகேல்லையோ? ஆர் என்னட்டைக் கேட்டது?

சரி. எழுதி என்ன.

வைகாசி 6

சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. மண்ணெண்ணெய் மறுபடி காணாமல் போய்விட்டது.

சாப்பாடு கொண்டுவந்த சிசிலியா, சந்தியோகுவின் பெண்சாதி, அவன் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னாள்: “இன்னாசியண்ணை, இந்த அலுமாரி முடியக் கொழும்புக்குப் போறதெண்டு நிக்கிறார். போறதுக்குப் பாஸ் எடுத்தாச்சு. உங்களிட்டை அவர் சொல்ல மாட்டார்தானே.”

நல்லது, பிள்ளையளைக் கொண்டு போங்கோ என்றேன். வேறென்ன சொல்ல.

கதவு முடிந்தால் போய்விடுவான். ஒரு சொல்லும் சொல்லாமல்.

வைகாசி 9

பம்பின் தோலை எண்ணெயில் ஊறப்போட மறந்துவிட்டேன். தோல் காய்ந்து, வேலை நின்றது. மறந்தேனா?

ஆனி 14

பையில் எங்கேயோ காற்று மூசுகிறது. ஓட்டை கண்டுபிடிக்கச் சவர்க்காரம் இல்லை; பனங்களியைக் கரைத்துத் தடவினான், நுரை வந்த இடத்தில் ரியூப் துண்டு ஒட்டினான். முதல் கதவு ஒட்டியாயிற்று. கழற்றியபின் ஒரு மூலையும் விடாமல் தட்டிப் பார்த்தான். எங்கும் பொள்ளல் இல்லாத, நிறைந்த சத்தம். நல்லாயிருக்கு என்று அவனுக்குத் தெரியும். நான் பக்கத்திலேயே நின்றேன், சொல்லுவான் என்று. துடைப்பத்தை எடுத்து மரச்சீவலைக் கூட்டினான்.

ஆவணி 30

இரண்டாவது கதவில் வெனியர் ஒட்டாமல் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். இருவரும் ஒரே இடத்தில், ஒரே நேரம் தட்டினோம். விரல் முட்டியது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

கதவு பிழையாகிவிட்டது, அவன் போக நாளாகும் என்று எனக்குச் சந்தோசம் வந்தது. வெட்கக்கேடு.

ஐப்பசி 22

கொப்புளத்தைக் கீறி, பசை விட்டு, மறுபடி பைக்குள் வைத்து எடுத்தாயிற்று. கீறிய தடம் தெரியவில்லை. இனி அலுமாரியில் பொருத்துவதுதான் மிச்சம். ஷெல் சத்தம் கிட்ட வருகிறது. சிசிலியா உடுப்புக் கட்டுகிறாளாம். நான் ஒன்றும் கட்டவில்லை. எனக்கு ஆர் இருக்கினம் கட்ட?

கார்த்திகை 4, சாவகச்சேரி

எழுதுவதற்கு இன்றுதான் கை வந்தது. ஊரை விட்டு எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னார்கள், வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. மழை வேறு.

நான் சைக்கிளில் பானை சட்டியும் பம்பும் கட்டினேன். சந்தியோகு கதவு இரண்டையும் கட்டினான். “உடுப்பு மூட்டையை விட்டிட்டுக் கதவைக் கட்டுறாரே” என்று சிசிலியா அழுதாள். அவன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். வழி முழுக்க அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. சனத்துக்குள் தவறவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பானோ தெரியாது. அதனால் கதவையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கார்த்திகை 6

பள்ளிக்கூட விறாந்தை நிறையச் சனம். இவ்வளவு சனத்துக்குள் இப்படித் தனியாக நான் இருந்ததில்லை.

கார்த்திகை 11

பக்கத்துப் பாயில் கிடந்த சிமியோன் கிழவர் விடியக் காலமானார். முன்பு குருநகரில் நாங்கள் இருந்த ஒழுங்கைக்காரர். ஒரே தங்கச்சி கொடிகாமத்தில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாவாம். கிழவரின் மருமகன் சைக்கிளில் சொல்லப் போனான்.

சவப்பெட்டி செய்யப் பலகை எங்கும் இல்லை. நாங்கள் யோசித்துக்கொண்டு நிற்க, சந்தியோகு போய்க் கதவுகளை அவிழ்த்தான். ஒன்று அடிப்பலகை, ஒன்று மூடி. பக்கங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற உடைந்த வாங்குப் பலகை. இருவரும் அறுத்து ஆணி அறைந்தோம், வழக்கம்போல வாய் திறவாமல்.

மத்தியானமாகியும் தங்கச்சி வரவில்லை. இலையான் மொய்க்கத் தொடங்கிவிட்டது. மழை வரப்போகுது, மூடுங்கோ என்று நாலு பக்கத்தாலும் சொன்னார்கள். நான் மூடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சகோதரம் வருகுது. பொறுங்கோ” எண்டன்.

“வராட்டி?” என்று ஒருவர் கேட்டார்.

“வராட்டியும் பொறுப்பம்.”

மூடியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தபடி சந்தியோகு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. 

பொழுது சாயும் நேரம் அந்த மனுசி தெப்பமாக நனைந்து வந்தா. குந்தியிருந்து, சீலைத் தலைப்பால் அண்ணனின் முகத்தைத் துடைத்து, நெற்றியில் கொஞ்சினா. எவ்வளவு நேரம் இருந்தா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு தானே எழும்பித் தலையாட்டினா.

மூடியைத் தூக்கினோம். இரண்டு பக்கமும் சேறு. பென்சில் சிலுவை மழையோடு போய்விட்டிருந்தது. ஆனால் சந்தியோகு தட்டித் தட்டிப் பார்த்த கதவு அது. அவனுக்குத் தெரியாததா?

“முகம் எது, அத்தான்?”

உனக்குக் கண் பொட்டையோ என்று ஏச வேண்டும்.  விரலால் காட்டினேன்.